எழுபது புள்ளி எடுத்த சதம்: நாணயத் தரப்படுத்தலின் கதை

'தரப்படுத்தல்' எண்டு ஒரு சொல்லை எங்கட ஊரில சும்மா சொல்லிப் பாருங்கோ. அம்மம்மா, அப்பப்பா தலைமுறைக்கு உடனே ஞாபகம் வருவது 1970களின் பல்கலைக்கழக அனுமதிதான். எந்த மொழியில் பரீட்சை எழுதினாய் என்பதை வைத்து வேறு வேறு வெட்டுப்புள்ளி, பிறகு மாவட்டத்தை வைத்து ஒரு கணக்கு. எங்கட தலைமுறைக்கு அந்த இடத்தில் இசட் புள்ளி இருக்கு. ஆக மொத்தத்தில், ஒரு எண்ணை ஒட்டி ஆளை ஒரு வரிசையில் நிறுத்துவது எப்படி இருக்கும் என்பதை எங்களுக்கு ஆரும் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

நாணயம் சேர்க்கிற ஆக்களும் இதே சொல்லைத்தான் பாவிக்கிறார்கள். ஒரு பழைய காசு எவ்வளவு தேய்ந்திருக்கு, எவ்வளவு புதிதாக இருக்கு என்று பார்த்து, அதுக்கு 1 தொடக்கம் 70 வரை ஒரு புள்ளி போடுவதுதான் நாணயத் தரப்படுத்தல். இப்ப சேகரிக்கத் தொடங்குகிற எவரும் முதலில் முட்டுப்படுவது இந்த எண்ணிலதான். ஏன் 100 இல்லை, ஏன் 70? தொடக்க அளவுகோலில் 20க்குப் பிறகு ஏன் நேரே 30? 60க்கு மேல ஒவ்வொரு புள்ளிக்கும் ஏன் இவ்வளவு சண்டை? இந்தக் கேள்விகளுக்கு விடை நாணயத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கு. அந்த வரலாறு ஒரு மனிதரிடம் போய் நிற்கிறது. அவர் காசுக்கு மட்டும் புள்ளி போட்டவர் இல்லை, மனித உடம்புக்கும் போட்டவர்.

எண்ணுக்கு முன்னால் சொல் இருந்தது

கதை நடக்கிற இடம் அமெரிக்கா. 1793இல் இருந்து 1857 வரை அங்கே பெரிய செப்புச் சதங்கள் அடிக்கப்பட்டன. இப்ப இருக்கிற அமெரிக்கச் சதத்தைவிட நல்ல பெரிசு, நல்ல பாரம். 1857இல் அதை நிற்பாட்டிவிட்டு சின்னச் சதத்தைக் கொண்டுவந்தார்கள். அப்பதான் ஆக்களுக்குப் பழசில ஆசை வந்தது. கையில் கிடக்கிற பெரிய சதங்களில் ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒன்றாவது எடுத்து வைப்பம் என்று தேடத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் நாணயச் சேகரிப்பு பரவலான பொழுதுபோக்காக மாறியதில் இந்த நிற்பாட்டலுக்குப் பெரிய பங்கு இருக்கு.

சேர்க்கிறவர் வந்தால் விற்கிறவரும் வருவார். ஏலப் பட்டியலில் காசை எப்படியாவது விவரிக்க வேணும். அதுக்கு ஆங்கிலத்தில் சாதாரணச் சொற்களைப் பாவித்தார்கள்: குட், ஃபைன், வெரி ஃபைன். தொடக்கத்தில் அந்தச் சொற்களுக்கு அவற்றின் சாதாரணப் பொருள்தான் இருந்தது. ஆனா விற்கிறவர் தன்ர சாமானைக் குறைத்துச் சொல்லுவாரா? ஒருவர் 'ஃபைன்' என்றால் மற்றவர் அதேபோலக் காசை 'வெரி ஃபைன்' என்றார். போகப்போகச் சொற்கள் எல்லாம் ஒரு படி கீழ இறங்கின. இன்றைக்கு நாணய உலகத்தில் 'குட்' என்றால் நல்லது இல்லை. உருவத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சி, உள் வேலைப்பாடு எல்லாம் தேய்ந்துபோன காசுக்குத்தான் அந்தப் பெயர். 'ஃபைன்' என்றால் பாதிக்கு மேல தேய்ந்தது. புதிதாகச் சேர்க்கிற ஆக்கள் ஏமாறுகிற முதல் இடம் இது. 'குட் கொண்டிசன்' என்று ஒருவர் சொல்லும்போது அவர் சாதாரணமாகப் பேசுகிறாரா, நாணயக்காரராகப் பேசுகிறாரா என்று கேட்டுக்கொள்ள வேணும்.

பிரித்தானியாவில் இன்றைக்கும் கனபேர் இந்தச் சொற்களோடுதான் நிற்கிறார்கள். அமெரிக்காதான் எண்ணுக்குப் போனது.

ஷெல்டனின் பெருக்கல் கணக்கு

வில்லியம் ஹெர்பர்ட் ஷெல்டன் 1898இல் பிறந்தவர். தொழிலால் உளவியலாளர், மருத்துவப் பட்டமும் பெற்றவர். பொழுதுபோக்கால் பெரிய சதங்களின் பைத்தியம். குறிப்பாக 1794ஆம் ஆண்டுச் சதங்கள். அந்தக் காலத்தில் அச்சுகளைக் கையால் செதுக்கினார்கள். ஒரு அச்சு உடைந்தால் இன்னொன்று, அதிலும் கூந்தல் கொஞ்சம் வேறு மாதிரி, இலை கொஞ்சம் வேறு மாதிரி. அதனால் 1794இல் மட்டும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகள் இருக்கு. ஒவ்வொன்றையும் பிரித்து, எண் கொடுத்து, 1949இல் ஆரம்ப அமெரிக்கச் சதங்கள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். 1958இல் அது திருத்தி 'பென்னி விம்ஸி' என்ற பெயரில் வந்தது.

அந்தப் புத்தகத்தில்தான் 70 புள்ளி அளவுகோல் வருகிறது. அதை அவர் அழகை அளக்க உருவாக்கவில்லை, விலையைச் சொல்ல உருவாக்கினார். இதைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் எல்லாம் விளங்கும்.

கணக்கு இதுதான். ஒரு வகைச் சதத்தை எடுங்கள். என்ன வகை என்று அடையாளம் காணக்கூடிய அளவுக்கு மட்டும் மிஞ்சிய, ஆனா ஓட்டை போடாத, சிதைக்காத ஒரு காசுக்கு 1 என்று புள்ளி. அதன் விலை அடிப்படை விலை. சந்தையைப் பார்த்தபோது, 'குட்' நிலையில் உள்ள காசு அதைப்போல 4 மடங்குக்குப் போனது. ஆகவே 'குட்' என்றால் 4. 'வெரி குட்' 7 தொடக்கம் 10 வரை. 'ஃபைன்' 12, 15. 'வெரி ஃபைன்' 20, 30. 'எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்' 40. கிட்டத்தட்டப் புழங்காத காசு 50. புழங்கவே இல்லாத காசு 60, அதைவிடத் திறம் 65, குறையே சொல்ல முடியாதது 70. அடிப்படை விலை ஒரு டொலர் எண்டு வைப்பம். அப்ப 20 புள்ளிக் காசு இருபது டொலர், 70 புள்ளிக் காசு எழுபது டொலர். பெருக்கினால் விலை வந்துவிடும்.

இப்ப அந்த 20, 30 இடைவெளி விளங்குதா? 4க்கும் 7க்கும் இடையில் உள்ள தூரமும், 40க்கும் 50க்கும் இடையில் உள்ள தூரமும் தேய்மானத்தின் தூரம் இல்லை. 1940களின் அமெரிக்கச் செப்புக்காசு வாங்கியவர்கள் எவ்வளவு கூடக் கொடுத்தார்கள் என்பதன் தூரம். ஒரு குறிப்பிட்ட காலத்தின் சந்தை நிலவரம் அளவுகோலுக்குள்ளேயே உறைந்துபோய் இருக்கு.

அந்தச் சந்தை அப்படியே நிற்கவில்லை. புழங்காத காசுகளின் விலை தேய்ந்தவற்றின் விலையைவிட வேகமாக ஏறியது. பெருக்கல் கணக்கு சில ஆண்டுகளிலேயே பிழைத்துவிட்டது. கணக்கு செத்தது, ஆனா எண்கள் சாகவில்லை. 1977இல் அமெரிக்க நாணயவியல் சங்கம் எல்லா அமெரிக்க நாணயங்களுக்குமான தரப்படுத்தல் நியமங்களை வெளியிட்டபோது ஷெல்டனின் எண்களையே எடுத்துக்கொண்டது. செப்புச் சதத்துக்குச் செய்த சட்டையை வெள்ளிக்கும் தங்கத்துக்கும் போட்டுவிட்டார்கள்.

காசை எப்படிப் பார்ப்பது

வரலாற்றைக் கொஞ்சம் நிற்பாட்டி, தொடங்குகிற ஆக்களுக்குத் தேவையான விஷயத்துக்கு வருவம். எண் எங்கேயிருந்து வந்தாலும், அதைப் போடுகிறவர் காசில் எதைப் பார்க்கிறார் என்பது கற்றுக்கொள்ளக்கூடியது. அதுக்கு அமெரிக்கச் சதம் தேவையில்லை. வீட்டு அலுமாரியில் ஒரு பழைய தகரப் பெட்டி இருந்தால் போதும். ஆறாம் ஜோர்ஜ் காலத்து ஒரு சதம், மூலை மழுங்கிய சதுர ஐந்து சதம், ஓரம் வளைவு வளைவான இரண்டு சதம், பத்துச் சதம் எல்லாம் எங்கட ஊரில இன்னும் கிடைக்கும்.

முதல் கேள்வி: இந்தக் காசு புழங்கியதா, இல்லையா? அதைச் சொல்வது உயர்ந்த இடங்கள். காசின் முகத்தில் மேடும் பள்ளமும் இருக்கு. கை படுவதும், மற்றக் காசோடு உரசுவதும் மேட்டில்தான். மன்னரின் தலை உள்ள காசில் கண்புருவம், காது, கிரீடத்தின் வேலைப்பாடு போன்றவற்றைப் பாருங்கள். அங்கே நிறம் மாறி, வழுவழுப்பாகி இருந்தால் அது புழங்கிய காசு. எழுத்துகள் கடைசியாகத்தான் தேயும். அதனால் ஆண்டு தெளிவாகத் தெரியுது என்பதை வைத்து மட்டும் நல்ல காசு எண்டு முடிவெடுக்கக் கூடாது.

இரண்டாவது, பளபளப்பு. புதுக்காசில் இருக்கிற பளபளப்பும் மினுக்கிய பாத்திரத்தின் பளபளப்பும் ஒன்றல்ல. அச்சு அமுக்கும்போது உலோகம் நடுவில் இருந்து ஓரத்துக்கு ஓடுகிறது. அந்த ஓட்டம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகளை விடுகிறது. ஒரு மேசை விளக்குக்குக் கீழே காசைப் பிடித்து மெதுவாகச் சரித்தால், வெளிச்சம் வண்டிச் சில்லின் ஆரக்கால் மாதிரிச் சுற்றி வரும். அது வந்தால் மேற்பரப்பு தொடப்படாமல் இருக்கு என்று அர்த்தம். மேட்டில் மட்டும் அந்தச் சுற்று அறுந்து போனால், கொஞ்சமாவது புழங்கியிருக்கு.

மூன்றாவது, தழும்புகள். புழங்காத காசு என்றால் காயமே இல்லாத காசு இல்லை. சாக்கில் போட்டு ஏற்றி இறக்கும்போதே ஒன்றோடு ஒன்று முட்டி அடிபடும். 60க்கும் 70க்கும் இடையில் நடக்கிற சண்டை முழுக்க இந்தத் தழும்புகளைப் பற்றியது. எத்தனை, எவ்வளவு பெரிசு, எந்த இடத்தில். முகத்தின் கன்னத்தில் இருக்கிற ஒரு கீறல், எழுத்துகளுக்கு இடையில் ஒளிந்திருக்கிற மூன்று கீறலைவிடக் கூடப் புள்ளியைக் குறைக்கும்.

நாலாவது, அடி. சில காசு பிறக்கும்போதே மொட்டையாகப் பிறக்கும். அச்சு தேய்ந்திருக்கலாம், அழுத்தம் காணாமல் போயிருக்கலாம். தொடங்குகிற ஆக்கள் இதைத் தேய்மானம் என்று நினைத்துவிடுவார்கள். வித்தியாசம் மேற்பரப்பில் தெரியும். தேய்ந்த இடம் வழுவழுப்பாக, நிறம் மாறி இருக்கும். அடி விழாத இடத்தில் விவரம் இராது, ஆனா நிறமும் பளபளப்பும் சுற்றியுள்ள இடத்தோடு ஒத்துப்போகும்.

செப்பு, வெண்கலக் காசுக்கு நிறமும் ஒரு கணக்கு. புதிதில் சிவப்பு, பிறகு சிவப்பும் மண்ணிறமும் கலந்து, கடைசியில் முழு மண்ணிறம். இது இயல்பான மாற்றம், நோய் இல்லை.

இதில இருந்து வருகிற மிக முக்கியமான பாடம்: காசை மினுக்காதீர்கள். குத்துவிளக்கைப் பழப்புளி போட்டுத் தேய்க்கிற பழக்கம் எங்கட வீடுகளில் உண்டு. விளக்குக்கு அது சரி. ஒரு செப்புச் சதத்துக்குப் பழப்புளியோ தேசிக்காயோ பட்டால் மேல்தோல் கரைந்து, ஒரு இயற்கையில்லாத இளஞ்சிவப்பு வரும். அந்த மெல்லிய கோடுகள் போனால் எந்த வித்தையாலும் திரும்பி வராது. தரப்படுத்துகிற நிறுவனங்கள் அப்படிப்பட்ட காசுக்குச் சாதாரணப் புள்ளி போடாமல், 'துப்புரவாக்கப்பட்டது' என்று எழுதி ஒதுக்கிவிடும். காசை விளிம்பில் பிடியுங்கள், முகத்தில் விரல் வைக்காதீர்கள். மலிவான மெல்லிய பிவிசி உறைகளில் கனகாலம் வைக்காதீர்கள், அதில் இருந்து கசிகிறது செம்பைப் பச்சையாக்கிவிடும்.

அதே கை, இன்னொரு அளவுகோல்

இப்ப ஷெல்டனிடம் திரும்புவம். 1940இல், சதப் புத்தகத்துக்கு ஒன்பது ஆண்டுக்கு முதல், அவர் மனித உடற்கட்டின் வகைகள் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டிருந்தார். நாலாயிரம் கல்லூரி இளைஞர்களின் படங்களை வைத்துச் செய்த ஆய்வு. ஒவ்வொரு உடம்புக்கும் மூன்று எண்கள். உருண்டை எவ்வளவு, தசை எவ்வளவு, மெலிவு எவ்வளவு என்று 1 தொடக்கம் 7 வரை. எண்டோமோர்ஃப், மெசோமோர்ஃப், எக்டோமோர்ஃப் என்று இன்றைக்கு ஜிம் காணொளிகளில் சொல்கிறார்களே, அந்தச் சொற்கள் அங்கேயிருந்து வந்தவை.

உடம்பை வகைப்படுத்தியதோடு நின்றிருந்தால் அது வேற கதை. உடம்பின் எண்ணில் இருந்து ஆளின் குணத்தைச் சொல்லலாம் என்றார். 1949இல், சதப் புத்தகம் வந்த அதே ஆண்டில், பொஸ்ரனில் ஒரு விடுதியில் இருந்த இருநூறு இளைஞர்களை வைத்துக் குற்றம் செய்கிற இளைஞர்களின் வகைகள் பற்றி இன்னொரு புத்தகம் வந்தது. ஒரே ஆண்டு, ஒரே ஆசிரியர், ஒரே பழக்கம்: பார், எண்ணைப் போடு, பெறுமதியைச் சொல்.

அந்தப் படங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்பது இன்னும் மோசம். ஹார்வர்ட், யேல், வாசர் போன்ற பெயர்பெற்ற அமெரிக்கக் கல்லூரிகள் அந்தக் காலத்தில் புதிய மாணவர்களை உடுப்பில்லாமல் நிற்க வைத்து 'நிமிர்ந்து நிற்கிறாயா' என்று பார்க்கும் படங்களை எடுத்தன. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அது கட்டாய நடைமுறையாகச் சொல்லப்பட்டது. இந்த வழக்கத்துக்குள் ஷெல்டனின் ஆய்வும் நுழைந்தது. 1950இல் வோஷிங்ரன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி வீட்டில் போய்ச் சொல்ல, பெற்றோர் கிளம்ப, அங்கே எடுத்த படங்கள் எரிக்கப்பட்டன. ஆண்களின் உடல்களுக்கு 1954இல் ஒரு படத்தொகுப்பு வெளியிட்ட ஷெல்டன், பெண்களுக்கும் அப்படி ஒன்று கொண்டுவர நினைத்தது நடக்கவில்லை. மிஞ்சிய படங்கள் ஸ்மித்சோனியன் காப்பகத்தில் கிடந்தன. 1995இல் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகை இதை வெளியே கொண்டுவந்த பிறகுதான் அவை மூடப்பட்டன, ஒரு பகுதி அழிக்கப்பட்டது.

உடம்பில் இருந்து குணத்தைச் சொல்கிற ஷெல்டனின் கோட்பாடு இன்றைக்கு உளவியலில் இல்லை. உடற்கட்டு அளவை மட்டும் பார்பரா ஹீத்தும் லிண்ட்சே கார்ட்டரும் 1967இல் திருத்தி அமைத்தார்கள். அது விளையாட்டு விஞ்ஞானத்தில் இன்னும் பயன்படுகிறது. ஆனா நாணய அளவுகோல் மட்டும், கிட்டத்தட்ட கேள்வி கேட்கப்படாமல், உலகம் முழுக்கப் போய்விட்டது.

இன்னொரு விஷயமும் இருக்கு. நியூயோர்க்கில் உள்ள அமெரிக்கன் நாணயவியல் கழகத்துக்கு ஜோர்ஜ் கிளாப் என்பவர் தன் பெரிய சதத் தொகுப்பை 1946இல் அன்பளிப்புச் செய்திருந்தார். அந்தத் தொகுப்பைக் கையாள ஷெல்டனுக்கு அனுமதி இருந்தது. அவர் அங்கேயிருந்த நல்ல சதங்களை எடுத்துவிட்டு, அதே வகையில் தரம் குறைந்த தன்ர சதங்களை அந்த இடத்தில் வைத்திருக்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட காசுகள். 1977இல் அவர் இறந்த பிறகுதான் இதன் முழு அளவும் வெளிவந்தது. அவரிடம் 1972இல் தொகுப்பை வாங்கிய ஒருவருக்கும் கழகத்துக்கும் இடையில் வழக்கு நடந்தது. கழகம் உரிமை கேட்கக் காலம் கடந்துவிடவில்லை என்று கலிபோர்னிய மேன்முறையீட்டு நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது.

எப்படிப் பிடிபட்டது? பழைய படங்களில் இருந்த காசையும் பெட்டியில் இருந்த காசையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கீறல் ஒத்துவரவில்லை, புள்ளி ஒத்துவரவில்லை. ஒரு காசின் புள்ளியைக் குறைக்கிற அதே தழும்புதான், 'இது நான்தான்' என்று சாட்சி சொல்லியது. 'வெரி ஃபைன் 20' என்ற எண்ணை மட்டும் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தால் இதைக் கண்டுபிடித்திருக்கவே ஏலாது. ஏனென்றால் 20 புள்ளிக் காசு நூறு இருக்கலாம், அந்தக் கீறல் உள்ள காசு ஒன்றுதான்.

பெட்டிக்குள் அடைத்த எண்

அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972இல் காசு உண்மையா போலியா என்று பார்த்துச் சொல்லும் சேவையைத் தொடங்கியது. 1979இல் தரமும் போடத் தொடங்கியது. ஆனா ஒரே காசுக்கு இன்றைக்கு ஒரு புள்ளி, இரண்டு வருசத்துக்குப் பிறகு வேற புள்ளி என்று முறைப்பாடுகள் வந்தன. காசு விலையோ ஏறிக்கொண்டே போனது. 64க்கும் 65க்கும் இடையில் பெருந்தொகைப் பணம் நின்றது. அந்த ஒரு புள்ளியைப் போடுகிறவர் விற்கிறவராகவே இருந்தால் ஆர் நம்புவது?

1986இல் ஏழு விற்பனையாளர்கள் சேர்ந்து தொடங்கிய பி.சி.ஜி.எஸ். என்ற நிறுவனம் ஒரு வழி சொன்னது. காசை எங்களுக்கு அனுப்புங்கள், ஒருவருக்கு மேற்பட்டவர்கள் பார்த்துப் புள்ளி போடுவோம், பிறகு அதைக் கடினமான பிளாஸ்ரிக் பெட்டிக்குள் அடைத்து, எண்ணையும் எழுதி மூடிவிடுவோம். 60க்கும் 70க்கும் இடையில் ஒவ்வொரு எண்ணையும் பாவித்தார்கள். ஷெல்டன் மூன்று படி வைத்த இடத்தில் இப்ப பதினொரு படி. அடுத்த ஆண்டு என்.ஜி.சி. வந்தது. இன்றைக்குச் சர்வதேசச் சந்தையில் விலை கூடிய காசு பெரும்பாலும் இந்தப் பெட்டிகளுக்குள்தான் கைமாறுகிறது.

இதில நல்லதும் உண்டு. காசைக் கண்ணால் காணாமல் தூரத்தில் இருந்து வாங்குகிறவருக்குப் போலி பற்றிய பயம் குறைந்தது. மினுக்கிய காசைப் புதுக்காசு எண்டு விற்பது கஷ்டமாகியது. ஆனா வேறொன்றும் நடந்தது. சில ஆக்கள் பெட்டியை உடைத்து, அதே காசை மறுபடி அனுப்பி, ஒரு புள்ளி கூட வருமா என்று பார்க்கிறார்கள். சிலவேளை வருகிறது. காசு மாறவில்லை, பார்த்த கண் மாறியிருக்கு. இதில இருந்தே தெரியும், எண் என்பது கவனமான, பயிற்சி பெற்ற ஒரு அபிப்பிராயம். பெட்டிக்குள் போட்டவுடன் அது அளவீடு போலத் தோற்றம் தருகிறது.

சேது நாணயத்துக்கு எத்தனை புள்ளி?

எங்கட பக்கத்துக்கு இந்த அளவுகோலைக் கொண்டுவந்தால் என்ன நடக்கும்? யாழ்ப்பாண அரசின் ஆரியச்சக்கரவர்த்திகளோடு தொடர்புபடுத்தப்படும் சேது நாணயத்தை எடுப்பம். ஒரு பக்கம் நிற்கும் உருவம், மற்றப் பக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்று தமிழ் எழுத்து. கையால் அடித்த செப்புக்காசு. அச்சு காசைவிடப் பெரிசாக இருக்கும், அதனால் பாதி உருவம் வெளியே போய்விடும். நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்து மேல் பக்கம் அரித்திருக்கும். இதுக்கு ஷெல்டன் கணக்கில் 4 போடுவதா 12 போடுவதா? கேள்வியே பொருந்தவில்லை. பண்டைய நாணயம் பார்ப்பவர்கள் தேய்மானத்தை ஒரு பக்கம், அடி எப்படி விழுந்திருக்கு என்பதை இன்னொரு பக்கம், மேற்பரப்பை வேறாகப் பார்ப்பது இதனால்தான்.

அதைவிட முக்கியமானது காசு எங்கேயிருந்து வந்தது என்பது. கொட்ரிங்ரன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூல் இன்றைக்கும் பாவிக்கப்படுகிறது. அதில் எந்தக் காசு எங்கே கண்டெடுக்கப்பட்டது என்ற தகவலுக்கு இடம் உண்டு. ஒரு சேது நாணயம் எந்த ஊரில், எந்த மண்படையில், வேறு எந்தக் காசோடு சேர்ந்து கிடந்தது என்று தெரிந்தால் வணிகம், ஆட்சி, கடல்வழி பற்றி ஏதாவது சொல்லலாம். அந்தத் தகவல் இல்லாமல், கழுவி, மினுக்கி, பெட்டியில் போட்டு வந்த அழகான காசு வரலாற்று மாணவருக்கு ஊமை மாதிரி. இலங்கையில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டவோ, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவோ ஏலாது. சேர்க்கத் தொடங்குகிற ஆக்கள் முதலே அறிந்திருக்க வேண்டிய விஷயம் இது. உலோகம் தேடுகிற கருவியோடு பழைய கோயில் வளவுக்குள் இறங்குவது சேகரிப்பு இல்லை.

சந்தையும் வரலாறும் ஒரே காசை எதிர் எதிர்த் திசையில் மதிக்கின்றன. 70 புள்ளி எடுத்த சதம் ஒரு நாளும் காசாக வேலை செய்யவில்லை. ஒரு இறாத்தல் பாண் வாங்கவில்லை, ஒரு பஸ் ரிக்கற்றுக்குப் போகவில்லை. காசாக வேலை செய்தது 4 புள்ளிக் காசு. மன்னரின் முகம் அழியும் வரைக்கும் எத்தனையோ கையில் புழங்கியது அதுதான். இரண்டையும் சேர்க்கலாம், தப்பில்லை. ஆனா எந்தக் கேள்விக்காக எதைச் சேர்க்கிறோம் என்று தெரிந்து சேர்க்க வேணும்.

எண்ணிடம் கேட்க வேண்டியவை

காசுக்கு நடந்ததையும் எங்கட சமூகத்துக்கு நடந்ததையும் ஒன்று என்று சொல்ல நாங்கள் வரவில்லை. புள்ளி குறைந்த காசுக்கு நோகாது. ஒரு புள்ளியால் மருத்துவபீடம் தவறியவருக்கு நொந்தது. அதே நேரம், மாவட்ட அடிப்படை வந்தபோது வசதி குறைந்த மாவட்டங்களில் சில தமிழ்ப் பிள்ளைகளும் உள்ளே போனார்கள் என்பதும் அந்த வரலாற்றில் உண்டு. ஒரு அளவுகோல் ஆருக்கு நன்மை, ஆருக்குத் தீமை என்பது அதைப் பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

நாணயத் தரப்படுத்தலைப் படிப்பது அந்தப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்துக்கு நல்ல பயிற்சி. ஒரு எண்ணைக் கண்டால் நாங்கள் நாலு கேள்வி கேட்கலாம். இதை ஆர் போட்டது, அவருக்கு இதில் என்ன லாபம்? முதலில் எதை அளக்க இது உருவானது, இப்ப எதை அளப்பதாகச் சொல்லப்படுகிறது? மறுபடி பார்க்கச் சொன்னால் அதே எண் வருமா? இந்த எண்ணுக்குள் அடங்காமல் விடுபட்டது என்ன?

சேர்க்கத் தொடங்குகிறவருக்கு எங்கட ஆலோசனை எளிது. முதல் ஆறு மாதம் ஒன்றும் விலை கொடுத்து வாங்காதீர்கள். வீட்டில், சொந்தக்காரரிடம் கிடக்கிற பழைய சதங்களில் ஒரே வகையில் இருபது சேருங்கள். ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு மேசை விளக்கும் போதும். இருபதையும் தேய்ந்ததில் இருந்து புதிசு வரை வரிசையாக அடுக்குங்கள். அடுத்த நாள் அந்த அடுக்கைப் பார்க்காமல் மறுபடி அடுக்குங்கள். எங்கே வரிசை மாறுகிறதோ, அங்கேதான் நீங்கள் இன்னும் பார்க்கக் கற்க வேண்டியது இருக்கு. பிறகு ஒரு கொப்பியில் ஒவ்வொரு காசுக்கும் உங்கட புள்ளியை எழுதுங்கள். பக்கத்தில் ஆரிடம் இருந்து, எந்த ஊரில் இருந்து வந்தது என்றும், முகத்தில் உள்ள தழும்புகளையும் எழுதி, ஒரு படமும் எடுத்து வையுங்கள். புள்ளி நாளைக்கு மாறலாம். மற்றது மாறாது.